அத்தானின் இடது தோள்

கச்சேரி முடிந்து கூட்டம் கை தட்டும்போது மேடையில் இருக்கிற நாங்கள் எல்லோரும் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிடுவோம். என் அக்கா வீட்டுக்காரர், எங்கள் குழுவின் பேஸ் கிட்டார்காரர், அவர் மட்டும் வலது கையைத் தனியாக நெஞ்சருகே கொண்டுபோய் நிறுத்துவார். இடது கை கிட்டாரின் கழுத்தைத் தாங்கியபடியே இருக்கும். அந்தக் கையை எடுத்தால் கிட்டாரின் தலை சட்டென்று முட்டிக்குக் கீழே போய்விடும். கூட்டத்துக்கு அது தெரியாது. 'அந்த பேஸ்காரனுக்கு எம்புட்டுத் திமிரு பாத்தியா, ஒத்தக் கையில கும்புடுதான்' என்று ஒரு கல்யாண வீட்டில் பெரியவர் ஒருவர் என் காதுபடவே சொன்னார். நான் சிரித்தேன். இன்றைக்கு அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

எனக்கு ராஜபாளையத்தில் மளிகைக் கடை. அப்பா வைத்துவிட்டுப் போன கடை. பகலெல்லாம் பருப்பும் புளியும் நிறுத்துப் போட்டுவிட்டு, சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் கீபோர்டு வாசிப்பேன். ஏழு பேரைச் சேர்த்து ஒரு மெல்லிசைக் குழுவும் நடத்தினேன். பங்குனியில் கோவில் கொடை விழா, ஆவணியில் கல்யாண வரவேற்பு என்று ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில் வரைக்கும் எங்களுக்குப் பேர் இருந்தது. பேஸ் வாசித்துக்கொண்டிருந்த பையன் பட்டாளத்துக்குத் தேர்வாகிப் போனதும், அந்த இடத்துக்கு நான் அத்தானைக் கேட்டேன். அத்தானுக்குச் சாதாரண கிட்டார் கொஞ்சம் தெரியும். தாளம் பிசகாத ஆள். அதைவிட முக்கியம், அவரால் எனக்கு இல்லை என்று சொல்ல முடியாது. அக்கா கல்யாணத்தில் அவர் விரலில் மோதிரம் போட்டுக் கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்து வந்தவன் நான். மச்சினன் வாய் திறந்து ஒன்று கேட்டால் தட்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து முறை. அந்த முறையை என்னைப் போல் பிழிந்தெடுத்தவன் ஊரில் வேறு யாரும் இருக்க மாட்டான்.

அத்தானுக்கு நூற்பாலையில் வேலை. சைடர் என்று சொல்வார்கள். வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும் நூறு நூற்றைம்பது நூற்புக் கதிர்களுக்கு முன்னால் நடந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கே இழை அறுகிறதோ அங்கே அந்தக் கதிரை ஒரு கையால் நிறுத்தி, மறு கையால் அறுந்த முனையைப் பிடித்து, உருளையிலிருந்து வழிந்து வருகிற பஞ்சோடு ஒட்டவைத்துவிட்டு அடுத்த கதிருக்குப் போக வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்து வேலை. பார்த்துச் செய்கிற வேலையே இல்லை, எல்லாம் விரல் நுனிதான். சாப்பிடுவதும் எழுதுவதும் வலது கையில் என்றாலும், இழை ஒட்டுவதற்கு மட்டும் அத்தானுக்கு இடது கை. ஒரு முறை என் கடையில் சாக்கு தைக்கிற நூலைப் பார்க்காமலேயே தொட்டுவிட்டு, 'இது நம்ம மில் நூல் இல்ல மாப்ள' என்றார். மில்லில் அவருக்கு இருந்த மதிப்பு முழுக்க அந்த இடது கை விரல்களில்தான் இருந்தது. வீட்டில் உலை கொதித்ததும் அந்த விரல்களால்தான். இதெல்லாம் தெரிந்துதான் நான் அவர் கையில் அந்தக் கிட்டாரைக் கொடுத்தேன்.

அதை வாங்க மதுரைக்கு நான் தனியாகப் போனேன். அத்தானுக்கு அன்றைக்குப் பகல் ஷிப்ட். கடையில் இரண்டு பேஸ் கிட்டார் தொங்கின. ஒன்று பழுப்பு நிறம், பழைய கட்டில் கால் மாதிரி ஒரு சோபையும் இல்லை. இன்னொன்று ரத்தச் சிவப்பு, நாலு முனையும் கூராக நட்சத்திரம்போல வெட்டிய உடம்பு. குழுவுக்கு நாங்கள் அப்போதுதான் சிவப்புச் சட்டை தைத்திருந்தோம். பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புத்தி மழுங்கிவிட்டது. கடைக்காரர் நியாயமானவர். விற்றால் போதும் என்று நினைக்காமல் அவரே சொன்னார். இதுக்கு உடம்பு லேசு, கழுத்து கனம், பட்டையைத் தோளில் மாட்டினால் தலை கீழே இழுக்கும், நின்று வாசிக்கிற ஆளுக்குப் பெரும்பாடு, விலையில் ஒன்றும் வித்தியாசம் இல்லை, அந்தப் பழுப்பை எடுத்துட்டுப் போங்க தம்பி என்றார். வாசிக்கப் போவது நானா? சிவப்பைக் கட்டச் சொன்னேன். பஸ் கிருஷ்ணன்கோவில் தாண்டுவதற்குள் அத்தானுக்குச் சொல்ல வேண்டிய பொய்யும் தயாராகிவிட்டது.

ஒத்திகை எங்கள் வீட்டு மாடியில் நடக்கும். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அத்தான் இடது கையை எடுத்தார். தலை சரிந்து ஸ்பீக்கர் பெட்டியில் இடித்தது. குழந்தையைக் கீழே போட்டவர் மாதிரி பதறிப்போனார். 'என்ன மாப்ள, விட்டா கீழ போவுது?' என்று கேட்டார்.

'பேஸ்னா எல்லாமே அப்படித்தான் அத்தான். பழகப் பழகச் சரியாயிரும்' என்றேன்.

அவர் நம்பினார். அவருக்கு வேறு பேஸ் கிட்டார் எதுவும் தெரியாது, நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு. தப்பு தன்னிடம்தான் என்று முடிவு செய்துகொண்டார். ஷிப்ட் முடிந்து வந்து, பீரோக் கண்ணாடிக்கு முன்னால் கிட்டாரை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்று பழகுகிறார் என்று அக்கா சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். தாங்குவதும் அதே கை, வாசிப்பதும் அதே கை. தலைச்சுமையோடு போகிறவளைக் கோலம் போடச் சொன்ன மாதிரி. இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு ஒத்திகையில், 'இல்ல மாப்ள, இதுல என்னமோ கோளாறு இருக்கு' என்று மெதுவாக ஆரம்பித்தார். நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்' என்று எடுத்துவிட்டேன். ட்ரம்ஸ்காரனிலிருந்து பாடுகிற பெண் வரை எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சேர்ந்து சிரித்தார். அதற்கப்புறம் கோளாறு என்ற வார்த்தையை அவர் எடுக்கவே இல்லை. கூடம் கோணல்தான் என்பது அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான்.

அவராகவே வைத்தியம் பார்த்துக்கொண்டார். கூட வந்த நைலான் பட்டை தோளில் வழுக்கியது. பேண்டேஜ் நெய்கிற பக்கத்து வீட்டிலிருந்து கட்டுத்துணி ஒரு சுருள் வாங்கி, எட்டாக மடித்து, கையகலத்துக்குப் பட்டை தைத்துக்கொண்டார். சொரசொரப்பான துணி சட்டையைப் பிடித்துக்கொண்டதால் வழுக்கல் நின்றது. தலை சரிவது நிற்கவில்லை. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. கடையிலிருந்து ஒரு கிலோ எடைக்கல்லை எடுத்து வந்து, கிட்டாரின் பின்பக்கத்து முனையில் வைத்து, அதே கட்டுத்துணியால் இறுக்கிச் சுற்றினேன். தலை நிமிர்ந்தது. முழுக்க இல்லை, முக்கால்வாசி. அத்தான் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! 'மாப்ளைக்கு மூளைடே' என்று எல்லோரிடமும் சொன்னார். மளிகைக்காரன் மூளை வேறெப்படி இருக்கும்? ஒரு தட்டு தாழ்ந்தால் மறு தட்டில் கல்லைப் போடு. இரண்டு தட்டையும் சேர்த்துத் தூக்குகிற கொக்கி என்ன பாடுபடும் என்று எந்தக் கடைக்காரன் நினைத்துப் பார்த்தான்? ஏற்கெனவே கனமான கிட்டார், இப்போது கூட ஒரு கிலோ. அத்தனையும் அவருடைய இடது தோளில், கழுத்துக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில், மூன்று மணி நேரம் நாலு மணி நேரம் என்று இறங்கியது.

ஒரு தடவை கேட்டார். எட்டு மணி நேரம் மில்லில் நடந்துவிட்டு நேராக வரவேற்புக் கச்சேரிக்கு வந்திருந்தார். ஒரு நாற்காலி போட்டால் உட்கார்ந்து வாசிப்பேன், மடியில் வைத்தால் கனம் தெரியாது என்றார். உட்கார்ந்து வாசித்தால் பஜனைக் கோஷ்டி மாதிரி இருக்கும், பேஸ்காரர் நின்றால்தான் மேடை நிறையும் என்று சொல்லிவிட்டேன். இந்த நியாயத்தைச் சொன்ன நான் கீபோர்டுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்ததை நான் மறந்துவிட எவ்வளவோ பார்த்திருக்கிறேன். ரத வீதிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். பெண் வீட்டார் எங்களையும், மாப்பிள்ளை வீட்டார் வேறொரு குழுவையும் பேசியிருந்தார்கள். ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று ஏற்பாடு. அவர்கள் முடித்து இறங்க, நாங்கள் ஏறுவதற்கு இடைப்பட்ட நேரத்தில், அந்தக் குழுவின் பேஸ்காரர் பேச்சுவாக்கில் தன்னுடைய கிட்டாரை அத்தானிடம் கொடுத்து, மாட்டிப் பாருங்க அண்ணே என்றார். அத்தான் மாட்டினார். வழக்கம்போல இடது கை கழுத்துக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டது. 'கைய விடுங்கண்ணே' என்று அந்தப் பையன் சொன்னான். அத்தான் விடவில்லை. அவன் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்து விலக்கினான். கிட்டார் அப்படியே நின்றது. தலை ஒரு விரற்கடை கூட இறங்கவில்லை. அத்தான் செத்த நேரம் அதையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பையனைப் பார்த்து, இரண்டு கையையும் கூப்பி ஒரு கும்பிடு போட்டார். அவன் வெட்கப்பட்டுப் போனான். அவர் தலையைத் திருப்பி என்னைத் தேடினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உடனே குனிந்து, சரியாகவே இருந்த ஒரு வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன்.

அன்றைக்கு அவர் சிவப்புக் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஒரு சுருதி பிசகாமல் வாசித்தார். திரும்பி வரும்போது வேனில் குழந்தையின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார். நாளைக்குக் கேட்பார், நாளைக்குக் கேட்பார் என்று நான் ஒரு வாரம் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஒத்திகைக்கு வந்து, கட்டுத்துணிப் பட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. மறுநாளே மதுரைக்குப் போய் வேறு கிட்டார் வாங்கி வந்திருக்க என்னால் முடியும். வாங்கினால் அது, நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அந்த ஒரு வீம்புக்காக இன்னும் மூன்று வருஷம் அந்தக் கல்லை அவர் தோளில் தொங்கவிட்டேன்.

முதலில் மரத்துப்போனது சுண்டுவிரல். மலையில் நல்ல மழை பெய்திருந்த ஒரு நாள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் அய்யனார் கோவிலுக்குப் போயிருந்தோம். அருவித் தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. பாறையில் உட்கார்ந்து இடது கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர், 'குளுரு சுண்டுவெரலுக்கும் மோதிர வெரலுக்கும் வந்து சேரல மாப்ள' என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்த இடத்தில், அந்தத் தண்ணீர் இரைச்சலில், வேறு யாரும் கேட்காமல் நான் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். தைலம் தேய்ச்சா சரியாயிரும் அத்தான் என்று சொன்னேன்.

தைலத்துக்கு அடங்கவில்லை. நடுவிரல் போனது, பெருவிரலின் பிடியும் போனது. மில்லில் இழை அறுந்தால் அவருக்கு முனை அகப்படவில்லை. ஒரு கதிரில் தடவிக்கொண்டிருக்கும்போது பத்துக் கதிர்களில் அறுந்து, பஞ்சு கொத்துக் கொத்தாக உருளையில் சுற்றிக்கொண்டது. அந்தப் பிரிவின் மேஸ்திரி ரொம்ப நாள் பொறுத்தார். பக்கத்து ஆட்களை விட்டு அவர் வரிசையையும் பார்க்கச் சொன்னார். அப்புறம் ஆள் பற்றாக்குறை வந்த இரண்டு வாரம், நூல் சுற்றிய கட்டைகளைக் கூடையில் அள்ளித் தூக்கிப்போகிற வேலைக்கு அத்தானை மாற்றினார். வேலையிலிருந்து நிறுத்தாமல் வைத்துக்கொள்ள அவருக்குத் தெரிந்த வழி அது.

ஆஸ்பத்திரிக்கு அக்காவும் நானும் அவரோடு போனோம். தோளுக்குள் நரம்பு நசுங்கியிருக்கிறது, ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்றார் டாக்டர். இந்தத் தோளில் அடிக்கடி ஏதாவது கனம் சுமப்பீர்களா என்று கேட்டார். அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை ஒரு நொடிதான் இருக்கும். அப்புறம் டாக்டரைப் பார்த்து, 'மில்லுல கூடை தூக்குவேன் சார்' என்றார். அக்கா பக்கத்திலேயே நின்றாள். அவள் குணம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். உண்மை தெரிந்தால் அவள் பிறந்த வீட்டு உறவை அன்றோடு அறுத்துவிடுவாள். எனக்காகவும் அவளுக்காகவும் அவர் ஒரு பொய் சொன்னார். நான் கை கட்டிக்கொண்டு அதைக் கேட்டேன்.

அந்தப் பொய் போய் நின்ற இடம்தான் கொடுமை. கூடையைத் தூக்கச் சொன்னது மேஸ்திரி, மரத்திருந்த கையை முழுசாகப் போக்கினவனும் மேஸ்திரி என்று அக்கா முடிவு கட்டினாள். இனி இந்தக் கைக்கு மில் வேலை ஆகாது என்று கணக்கு முடித்து அனுப்பிய வாரம், என்னை வண்டி எடுக்கச் சொல்லி மில் வாசலுக்கு வந்தாள். பகல் ஷிப்ட் விடுகிற நேரம். ஆண்களும் பெண்களுமாகக் கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. மேஸ்திரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அக்கா குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி அவர்மேல் தூற்றினாள். 'எம் புருசன் கை வெளங்காமப் போன மாதிரி ஒங் கையும் வெளங்காமப் போவட்டும்' என்றாள். எங்கள் பக்கத்தில் ஒரு பொம்பளை வயிறெரிந்து மண் தூற்றினால் அது பலிக்காமல் போகாது என்பார்கள், எதிரில் நிற்கவே ஆட்கள் பயப்படுவார்கள். கூட்டம் விலகி நின்றது. மேஸ்திரி வெள்ளைச் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டக்கூட இல்லை, தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளைத் தள்ளிப்போனார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். பாவி நான் பத்தடி தள்ளி ஸ்கூட்டரில் கால் ஊன்றி நின்றுகொண்டிருந்தேன்.

விஷயம் தெரிந்த அன்று அத்தான் சாப்பிடவில்லை. மறுநாள் என் கடைக்கு வந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னார். 'நான் ஒரு பொய் சொன்னேன் மாப்ள. அது ஒரு நல்ல மனுசன் தலையில மண்ணா விழுந்துருச்சு. அக்காட்ட நீ சொல்லிரு. நான் சொன்னா அவ ஒங்க வாசப்படிய மிதிக்க மாட்டா. தம்பி வாயாலயே சொன்னா பொறுத்துக்கிடுவா.' சொல்லிடுறேன் அத்தான் என்றேன். அது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். கோழையின் புளுகுக்கு ஆயுசு கெட்டி. அத்தான் இரண்டாவது முறை என்னிடம் கேட்கவில்லை. பேண்டேஜ் செய்கிற ஒரு சின்ன இடத்தில், சுருள்களுக்கு வலது கையால் லேபிள் ஒட்டுகிற வேலையில் சேர்ந்துகொண்டார். தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போவேன். இலைக்கு முன்னால் உட்காரும்போது ஒரு தடவை என் முகத்தைப் பார்ப்பார். நான் இலையைப் பார்ப்பேன். அக்கா எனக்கு முதலில் பரிமாறுவாள். குழுவில் அடுத்து வந்த பேஸ்காரனுக்கு நல்ல கிட்டாராகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன், அந்தக் கூத்தை என்ன சொல்ல. இப்போது அவனும் குழுவில் இல்லை. கச்சேரிகள் குறைந்துவிட்டன. பேஸை நானே கீபோர்டில் இடது கையால் வாசித்துவிடுகிறேன். ஐந்து விரலும் நன்றாக ஓடுகின்றன. சில நேரம் அவற்றைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கும்.

இந்த வருஷம் தை மாதத்தில் ஒரு மத்தியானம் அக்கா கடைக்கு வந்தாள். முகத்தில் ஒரு தெளிவு. வன்னியம்பட்டியிலிருந்து அத்தானோடு வேலைக்கு வருகிற பெண் ஒருத்தி சொன்னாளாம். அந்த மேஸ்திரி வேலையை விட்டபின் அங்கே தன் சொந்த ஊரில்தான் இருக்கிறாராம், பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டதாம். 'சாமி பாத்துக்கிட்டுத்தான் இருக்கு. எனக்குப் பத்துக் கட்டி சூடம் குடு, கோயில்ல ஏத்தணும்' என்றாள். சூடப் பெட்டியைத் திறந்தேன். கை நீளவில்லை. அவர் நோய்க்கும் அக்காவின் மண்ணுக்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சூடத்தை நான் எடுத்துக் கொடுத்தால் அதற்குப் பிறகு நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. அங்கேயே நின்றபடி சொன்னேன். மதுரைக் கடைக்காரர் சொன்னது, பஸ்ஸில் யோசித்த பொய், எடைக்கல், நாற்காலி, ஆஸ்பத்திரி எல்லாம். ஒன்றை ஆரம்பித்ததும் மற்றது தானாக வந்தது.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கல்லாப்பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். 'இது ஒங்கத்தானுக்குத் தெரியுமா?' என்று கேட்டாள். தெரியும் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போனபோதேயா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்போதுதான் அவள் கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்து, 'வண்டிய எடு' என்றாள். அவளை அன்றைக்கு மில் வாசலுக்கு அழைத்துப் போனதும் நான்தான். வன்னியம்பட்டிக்குப் பதினைந்து கிலோமீட்டர்.

வன்னியம்பட்டியில் வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. மேஸ்திரி வாசலில் வேப்பமரத்து நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். இடது கை மடியில் கிடந்தது. மருமகள் எங்களை யார் என்று கேட்பதற்குள் அவருக்கு அக்காவை அடையாளம் தெரிந்துவிட்டது. எழ முயன்றார், முடியவில்லை. அக்கா அவர் காலில் விழக் குனிந்தாள். அதற்குள் அவர் வலது கையைத் தூக்கித் தடுத்து, குழறிக் குழறிப் பேச ஆரம்பித்தார். 'நீ தூத்துனது நாயம்தான் தாயி. அந்தக் கூடைய நான் தூக்கச் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு கலைஞன் கைய நாசம் பண்ணிட்டேன். தெனமும் நெனைக்கேன்' என்றார். அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அவருக்கு முன்னால் போய் நின்று, அய்யா, அது உங்களால் இல்லை, என்னால் வந்தது என்றேன். அவர் புரியாமல் மருமகளைப் பார்த்தார். முப்பது நாப்பது வருஷம் மெஷின் சத்தத்துக்குள்ளேயே நின்னவுகல்ல, காது சரியாக் கேக்காது என்றாள் அந்தப் பெண். 'சத்தமாச் சொல்லு' என்றாள் அக்கா. சொன்னேன். 'அவியளுக்குக் கேக்கல. இன்னும் சத்தமா' என்றாள். 'அய்யா, நாந்தான் அந்தக் கையக் கெடுத்தேன், நீங்க இல்ல' என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். எதிர் வீட்டு வாசலுக்கு ஆட்கள் வந்தார்கள். தெருவில் மாடு பிடித்துப் போனவர் நின்றுவிட்டார்.

மேஸ்திரிக்குக் கேட்டுவிட்டது. என்னை அவர் பார்க்கவே இல்லை. என்னிடம் அவருக்கு ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அக்காவின் பக்கம் முகத்தைத் திருப்பி, 'அப்ப நான் இல்லையா தாயி?' என்று கேட்டார்.

'நீங்க இல்ல அண்ணாச்சி' என்று அக்கா அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொன்னாள்.

அவர் மறுபடியும் அதையே கேட்டார். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். அன்றைக்கு நாங்கள் கிளம்புகிற வரைக்கும் அவர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார், ஒவ்வொரு தடவையும் அக்கா குனிந்து பதில் சொன்னாள்.